கடைசி உறைபனி நாள் தாண்டும் வரை பழமரக் கன்றுகளை நடக்கூடாதா?

புதுமண் | மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். பழமரம் வைப்பதில் எனக்கு இது இரண்டாவது வருடம்தான், கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதிக்குக் கடைசி உறைபனி நாள் ஏப்ரல் 20 என்று வானிலைப் பட்டியலில் போட்டிருக்கிறது. இரண்டு ஆப்பிள், ஒரு பிளம்ஸ், ஒரு ஆப்ரிகாட் ஒட்டுக் கன்றுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கும் மண் இல்லாமல் வெறும் வேராக, ஈரம் காயாதபடி சுற்றி வரும். மார்ச் 15 வாக்கில் அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். அதாவது உறைபனி முடிய இன்னும் 5 வாரம் இருக்கும்போதே கன்று கைக்கு வந்துவிடும். அதுவரை எங்கே வைத்திருப்பது? வீட்டுக்குள் வைத்தால் துளிர்த்துவிடாதா? இது போக ஜன்னலோரம் தொட்டியில் ஒரு எலுமிச்சை, ஒரு அத்தி, இரண்டிலும் இப்போதே இலை இருக்கிறது.

இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. போன வருடம் ஏப்ரல் 20 வரை ஒழுங்காகக் காத்திருந்து 21-ம் தேதி காலையில் ஒரு எலுமிச்சைக் கன்றை வெளியே நட்டேன். 27-ம் தேதி விடிந்ததும் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல் கரும்பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிட்டது. பட்டியல் சொன்ன தேதியைத் தாண்டித்தானே நட்டேன், அப்புறம் ஏன் இப்படி?

வேர்க்கால் | மார்ச் 2

தம்பி, ஒரே தேதியை ஆறு கன்றுக்கும் பொருத்திப் பார்க்கிறீர்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டியது கன்று தூங்குகிறதா, விழித்துவிட்டதா என்பது. தேதியெல்லாம் அதற்கு அப்புறம்.

வெறும் வேராக வரும் ஆப்பிள், பிளம்ஸ், ஆப்ரிகாட் மூன்றும் உறக்கத்தில் இருக்கும்போதே தோண்டி எடுக்கப்பட்டவை. இலை இல்லை, மொட்டு இறுக மூடியிருக்கும். நன்றாக உறங்கும் ஆப்பிள் மரத்தின் கிளை மைனஸ் 25 டிகிரியைக்கூடத் தாங்கும். மைனஸ் 3, மைனஸ் 5 எல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. இந்தக் கன்றுகளுக்குக் கடைசி உறைபனி நாள் வரை காத்திருப்பதுதான் தப்பு. ஏப்ரல் 20-க்கு வெயில் ஏறியிருக்கும், மொட்டு தானாக விரியும், வேரோ இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. இலை தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. அப்படிப் போன கன்றுகளைப் பார்த்தால் பனியில் கருகியது போலத்தான் இருக்கும், உண்மையில் தாகத்தில் செத்தவை. முன்கூட்டியே நட்டால் மண் 5, 6 டிகிரியைத் தாண்டும்போதே வேர் மெல்ல வேலையை ஆரம்பித்துவிடும், இலை வரும் நேரத்துக்கு மண்ணைப் பிடித்திருக்கும்.

எனவே மார்ச் 15-க்கு வந்தால் மார்ச் 16-க்கே நடலாம், மண் இடம் கொடுத்தால். மண் இடம் கொடுக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து, விரலால் லேசாகத் தட்டுங்கள். உதிர்ந்தால் குழி எடுக்கலாம். களிமண் உருண்டையாக அப்படியே நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். ஈரக் களியில் மண்வெட்டி போட்டால் குழிச் சுவர் பூசி மெழுகியது போல் ஆகிவிடும், வேர் அதைத் துளைத்துப் போகப் படாத பாடு படும். நான் அவசரப்பட்டு அப்படி நட்ட ஒரு பேரிக்காய் மரத்தை நான்காம் வருடம் தோண்டிப் பார்த்தேன், வேரெல்லாம் தொட்டிக்குள் வளர்ந்தது போல் குழிக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியிருந்தது.

மண் தயாராகவில்லை என்றால் கன்றுகளை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நிழலான இடத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, கன்றுகளைச் சாய்த்துக் கிடத்தி, வேர் முழுக்க ஈர மண்ணோ ஈர மணலோ போட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. மைனஸ் 10 டிகிரியை ஒட்டி வரும்போதே ஆப்பிள் வேர் சாகத் தொடங்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை அந்தக் குளிர் வேருக்குப் போய்ச் சேராது. ஆனால் நடும் அன்று வேரைத் திறந்து காற்றில் வைத்துவிட்டுக் குழி வெட்டப் போகக்கூடாது. குழி முதலில், கன்று கடைசியில். நடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வேரை வாளித் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடையாவது நிற்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 3

அந்த ஏப்ரல் 20 என்ன தேதி என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் பல வருடம் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

வானிலைத் துறைகள் பொதுவாக 30 வருடப் பதிவுகளை வைத்துச் சராசரி போடும், இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. 'கடைசி உறைபனி நாள்' என்று ஒற்றைத் தேதியாகக் கொடுப்பது பெரும்பாலும் அதில் பாதிக்குப் பாதி வரும் நாள். அதாவது அந்த 30 வருடத்தில் ஏறக்குறைய 15 வருடம் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது. ஏப்ரல் 21-ல் எலுமிச்சையை நட்டது நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். உங்கள் மேல் தப்பே இல்லை, அந்தத் தேதியைச் சொன்னவர்கள் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல பட்டியல்களில் 50 சதவீதத்தோடு 10 சதவீதத் தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு உறைபனி விழ வாய்ப்பு பத்தில் ஒன்று. எலுமிச்சை மாதிரி இலையோடு இருக்கும் இளங்கன்றுக்கு அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் போல வித்தியாசம் வருகிறது. வெப்பநிலை வாரியாகவும் பிரித்துக் கொடுப்பார்கள், 0 டிகிரிக்கு ஒரு தேதி, மைனஸ் 2.2 டிகிரிக்கு ஒரு தேதி என்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம். வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் தரையில் இருப்பதில்லை, 1.25 மீட்டரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. வானம் தெளிந்து காற்றில்லாத இரவில் புல் மட்டத்தில் அதைவிட 3, 4 டிகிரி குறைவாக இருக்கலாம். ஆகவே செய்தியில் 'குறைந்தபட்சம் 2 டிகிரி' என்று சொல்லும் இரவிலேயே உங்கள் முழங்கால் உயரக் கன்று உறைந்துவிடலாம்.

புதுமண் | மார்ச் 3

பாதிக்குப் பாதியா! ஒரு வருடமாக என் நீர் ஊற்றலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி அண்ணா.

வேர்க்கால் ஐயா, அப்படியானால் நான்கு கன்றையும் வந்தவுடன் நட்டுவிடுகிறேன். தோட்டத்தின் கீழ்ப்பக்கம், வேலியை ஒட்டிய மூலை காலியாக இருக்கிறது. காற்று அடிக்காத, மறைவான இடம். அங்கே நடலாம் அல்லவா?

சரிவுநிலம் | மார்ச் 3

வேண்டாம். தயவுசெய்து அந்த மூலையில் குழி எடுக்காதீர்கள். கீழ்ப்பக்கம், வேலி, காற்றில்லாத மறைவு, இந்த மூன்றையும் ஒன்றாகப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிரும், குளிர்ந்த காற்று மெதுவாகச் சரிவில் இறங்கும். தண்ணீர் ஓடுவது மாதிரிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, நடையைவிட மெதுவாக நகரும். அடைப்பான ஒரு வேலியோ சுவரோ குறுக்கே வந்தால் அங்கே தேங்கும். நீங்கள் சொல்லும் மூலை குளிருக்கு ஒரு குட்டை.

நான் இதை இரண்டு வருட விளைச்சலைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சரிவின் அடியில், நெருக்கமான ஒரு புதர்வேலிக்கு மேலே, ஆறு பிளம்ஸ் மரம் வைத்திருந்தேன். பூ கொட்டிக்கொட்டிப் பூக்கும், ஒரு காய் நிற்காது. மேலே வீட்டருகே இருந்த ஒற்றை மரம் மட்டும் காய்க்கும். தேனீ வரவில்லை என்றார்கள், உரம் போதவில்லை என்றார்கள், எல்லாம் செய்து பார்த்தேன். கடைசியில் மூன்று தெர்மாமீட்டர் வாங்கி மேலே ஒன்று, நடுவில் ஒன்று, வேலி ஓரம் ஒன்று என்று ஒரே உயரத்தில் குச்சியில் கட்டினேன். ஏப்ரல் மாதத்தில் காற்றில்லாத ஒரு விடியலில் மேலே 0.5, நடுவில் மைனஸ் 1, வேலி ஓரம் மைனஸ் 3.5. ஒரே தோட்டம், எண்பது அடி தூரம்தான் இருக்கும். அன்று காலை புல்லைப் பார்த்தேன், கோடு போட்டது போல் ஒரு மட்டத்துக்குக் கீழே எல்லாம் வெள்ளை, அதற்கு மேலே வெறும் பனித்துளி. அந்தக் கோடு என் ஆறு மரத்துக்கும் மேலே இருந்தது.

வளர்ந்த மரங்களை நகர்த்த முடியாது. வேலியின் அடியில் இரண்டு இடத்தில் ஆள் நுழையும் அகலத்துக்குப் புதரை வெட்டித் திறந்துவிட்டேன். அடுத்த வருடம் வித்தியாசம் 1.5 டிகிரியாகக் குறைந்தது, நான்கு மரம் காய்த்தது.

அதனால்தான் சொல்கிறேன், வானிலை நிலையத்தின் ஏப்ரல் 20 அந்த நிலையம் இருக்கும் இடத்துக்கு. உங்கள் கீழ் மூலைக்கு அது மே மாதமாக இருக்கலாம், மேல் பகுதிக்கு ஏப்ரல் 10 ஆக இருக்கலாம். ஒரு தெர்மாமீட்டர் போதும், குறைந்தபட்ச அளவைக் குறித்து வைக்கும் வகை. இன்றைக்கே கட்டுங்கள், கன்று வர இன்னும் 12 நாள் இருக்கிறதே.

தளிர் | மார்ச் 4

எல்லோரும் வசந்தத்தையே பேசுகிறீர்கள். இலை உதிர்ந்த பிறகு, நிலம் உறைவதற்கு முன், இலையுதிர் காலத்திலேயே நட்டுவிட்டால் இந்த உறைபனி நாள் தலைவலியே இல்லையே? நான் என் ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் அப்படித்தான் வைத்தேன். மண்ணில் கோடை வெப்பம் மிச்சம் இருக்கும், வேர் அதில் ஆறேழு வாரம் வளர்கிறது. வசந்தத்தில் நட்டவர்கள் முதல் கோடையில் தண்ணீர் ஊற்றிக் களைத்துப்போகிறார்கள், எனக்கு அந்த வேலை பாதிதான்.

வேர்க்கால் | மார்ச் 4

குளிர்காலம் மிதமான இடத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சிறந்த வழி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நிலம் ஆழமாக உறைந்து, இளகி, மறுபடி உறையும் இடங்களில் புதுக் கன்றை மண் மேலே தூக்கிவிடும். வேர் பிடிக்காத கன்று குளிர்காலம் முடிவதற்குள் இரண்டு மூன்று அங்குலம் எழும்பி, வேர் காற்றில் தெரிய நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் இலையுதிர் காலத்தில் நட்டால் நிலம் உறைந்த பிறகு மூடாக்கை, அதாவது மண்ணை மூடும் வைக்கோல், சருகுப் பரப்பைக் கனமாகப் போட வேண்டும், தூரில் ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. பீச், ஆப்ரிகாட், அத்தி மூன்றையும் அங்கே வசந்தத்துக்குத் தள்ளுவதுதான் பாதுகாப்பு. ஆப்பிள், பேரிக்காய் தாங்கும்.

அரைக்கோளம் | மார்ச் 4

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. மாதங்களை அப்படியே ஆறு மாதம் தள்ளிப் படியுங்கள், தெற்கு வெயில் என்று யாராவது சொன்னால் அதை வடக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் நான் இதை மாற்றாமல் படித்துவிட்டுச் சுவரின் தப்பான பக்கத்தில் மரம் வைத்தேன், அது இன்னும் நிழலில்தான் நிற்கிறது.

ஜன்னல்தோட்டம் | மார்ச் 5

எலுமிச்சை, அத்தி பற்றி யாரும் சொல்லவில்லை. என்னிடம் தொட்டியில் ஏழெட்டு இருக்கின்றன, ஒவ்வொரு வருடமும் உள்ளே வெளியே தூக்குகிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

எலுமிச்சைக்கு உறக்கம் என்று ஒன்று கிடையாது. குளிரில் வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான், இலை பச்சையாக விழித்தே இருக்கும். இளந்தளிர் மைனஸ் 1, மைனஸ் 2-லேயே போய்விடும். ஆனால் உறைபனி இல்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. எலுமிச்சை இனம் எல்லாமே 13 டிகிரிக்குக் கீழே வளராது. உறைபனி முடிந்த மறுநாளே வெளியே நட்டால் சாகாமல் இருக்கலாம், ஆனால் ஈரக் குளிர் மண்ணில் வேர் சும்மா உட்கார்ந்திருக்கும், அழுகினாலும் அழுகும். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கும் வரை நான் நிலத்தில் வைப்பதில்லை. மா, வாழை, பப்பாளி வைத்திருப்பவர்களும் அப்படியே. மாங்கன்று மைனஸ் 2-ஐத் தாங்காது, வாழை இலை 0 டிகிரியிலேயே கருகும்.

அத்தி வேறு கதை. இலை உதிர்ந்து உறங்கும் அத்தி மைனஸ் 8, 9 வரை சமாளிக்கும். அதே அத்தி வீட்டுச் சூட்டில் இலை விட்ட பிறகு 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே தளிர் கருகிவிடும். உங்களுடையது இப்போதே இலை விட்டிருப்பதால் அதுவும் எலுமிச்சையோடு காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த குளிர்காலம் அதை வெளிச்சம் தேவையில்லாத, உறையாத, ஆனால் குளிர்ச்சியான அறையில் வையுங்கள், தூங்கிக்கொண்டே இருக்கும்.

வெளியே கொண்டுபோவதற்கு முன் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நிழலில் இரண்டு மணி நேரம், அப்புறம் நான்கு, அப்புறம் காலை வெயிலில், இப்படிப் பத்து நாளுக்குக் குறையாமல். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை நேர் வெயிலைப் பார்த்ததே இல்லை. ஒரே மத்தியானத்தில் வெள்ளைத் திட்டாக வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும். பனியில் கருகிய இலை கறுக்கும், வெயிலில் வெந்த இலை வெளுக்கும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 6

புதுமண், உங்கள் ஆப்ரிகாட் பற்றி ஒரு வார்த்தை. நடுவதில் சிக்கல் இல்லை, பூப்பதில்தான் வருடா வருடம் சிக்கல் வரும். உறைபனி நாளைப் பார்க்க வேண்டியதே அதற்காகத்தான் என்பது என் கருத்து. மரம் ஒரு முறைதான் நடப்படுகிறது, அது பூப்பதோ ஒவ்வொரு வருடமும்.

மொட்டு விரிய விரியத் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். ஆப்பிள் மொட்டின் நுனியில் பச்சை தெரியும்போது மைனஸ் 7.8 டிகிரி அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒரு பங்கு மொட்டு சாகும். முழுதாகப் பூத்த பிறகு அதே சேதத்துக்கு மைனஸ் 2.2 போதும், மைனஸ் 3.9-ல் பத்தில் ஒன்பது போய்விடும். ஆப்ரிகாட் பூவுக்கு அந்த இரண்டு அளவும் மைனஸ் 2.8, மைனஸ் 5.6. பார்க்க ஆப்ரிகாட் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவது போல் தெரியும், ஆனால் அது ஆப்பிளுக்கு வெகு முன்னாலேயே பூத்துவிடுகிறது, உறைபனி இன்னும் ஓயாத நாட்களில். அதனால் அடிபடுவது அதுதான்.

ஆகவே ஆப்ரிகாட்டைத் தெற்கு வெயில் படும் சுவரோரம் வைக்காதீர்கள், சுவர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம் கண் விழித்துவிடும். அந்தச் சுவர் எலுமிச்சைக்கு. ஆப்ரிகாட் மேட்டில், வெயில் கொஞ்சம் தாமதமாகச் சூடேற்றும் பக்கத்தில் நிற்கட்டும்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போது குளிர் நேரக் கணக்கையும் பாருங்கள். மொட்டு உறக்கம் கலைய 0 முதல் 7 டிகிரிக்குள் இத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கு உண்டு, வழக்கமான ஆப்பிளுக்கு 800 முதல் 1000 மணி. 'அன்னா' ஆப்பிளுக்கு 200, 300 மணியே போதும். வெப்பமான இடங்களுக்கு அது வரம். குளிர் கடுமையான இடத்தில் வைத்தால் அதன் கணக்கு குளிர்காலத்தின் பாதியிலேயே முடிந்துவிடும், அப்புறம் ஒரு வாரம் வெயில் அடித்தாலும் எழுந்து பூக்கப் பார்க்கும். எங்கோ ஒருவர் தோட்டத்தில் அருமையாகக் காய்க்கிறது என்பதற்காக ஒரு வகையை வாங்கக் கூடாது.

புதுமண் | மார்ச் 20

நேற்று நட்டுவிட்டேன். கன்று 16-ம் தேதியே வந்தது, மண் உருண்டையாக நின்றதால் மணலில் கிடத்தி வைத்து மூன்று நாள் பொறுத்தேன். நேற்று தட்டியதும் உதிர்ந்தது. தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். சரிவுநிலம் அண்ணா, இந்தப் பதினைந்து நாளில் கீழ் மூலை மேல் பகுதியைவிட 2 டிகிரிக்குக் குறையாமல் குளிர்ந்தே இருந்தது, ஒரு மேகமூட்டமான இரவில் மட்டும் இரண்டும் ஒன்றாகக் காட்டின. ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் மேலே, ஆப்பிள் இரண்டும் நடுவில். கீழ் மூலையை விட்டுவிட்டேன்.

சரிவுநிலம் | மார்ச் 20

மேகம் இருந்த இரவில் ஒன்றாகக் காட்டியதைக் கவனித்தீர்களே, அதுதான் முக்கியம். மேகம் தரையிலிருந்து போகும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். காற்றடிக்கும் இரவிலும் மேல், கீழ் கலந்துவிடும். தெளிந்த வானம், அசையாத காற்று, இந்த இரண்டும் சேரும் இரவுதான் உங்களுடைய ஆபத்தான இரவு.

புதுமண் | ஏப்ரல் 23, பிற்பகல் 3 மணி

அவசரம். இன்று இரவு 1 டிகிரி என்று சொல்கிறார்கள், வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆப்ரிகாட்டில் பதினைந்து பூ விரிந்திருக்கிறது, ஆப்பிளில் இலை எலிக்காது அளவுக்கு வந்திருக்கிறது. பழைய போர்வை, பிளாஸ்டிக் தாள், தோட்டத்துக் குழாய் எல்லாம் இருக்கிறது. இரவு முழுக்கத் தண்ணீர் தெளிக்கலாமா?

வேர்க்கால் | ஏப்ரல் 23

பதறாதீர்கள். நட்ட முதல் வருடம் அந்தப் பூவை எப்படியும் கிள்ளிவிட வேண்டும், கன்று வேருக்குச் செலவழிக்கட்டும். ஐந்து பூவை மட்டும் விட்டு வையுங்கள், நாளை அதில் ஒன்று கற்றுக்கொள்ளலாம்.

மூன்று குச்சி நட்டு அதன்மேல் போர்வையைப் போட்டு, நான்கு பக்கமும் தரையைத் தொட வைத்துக் கல் வையுங்கள். மரத்தின் தலையை மட்டும் சுற்றித் தண்டில் கட்டினால் பயனில்லை, காக்கும் வெப்பம் மண்ணிலிருந்து வருகிறது, அதை உள்ளே பிடிக்கத்தான் போர்வை. பொழுது சாய்வதற்கு முன்பே போடுங்கள். பிளாஸ்டிக் இலையில் பட்டால் பட்ட இடம் உறையும், அதைத் தவிர்த்துவிடுங்கள். மூடாக்கு போட்டிருந்தால் இன்று மட்டும் ஒதுக்கிவிட்டு மண்ணை நனையுங்கள், நனைந்த வெறும் மண் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும்.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 23

தண்ணீர் தெளிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழத்தோட்டங்களில் அதைச் செய்கிறார்கள், ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பம் வெளிவரும், அது மொட்டைக் காக்கும். ஆனால் ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 2500 கிலோஜூல் தேவை, ஏழு மடங்குக்கு மேல். நடுவில் குழாய் நின்றாலோ தண்ணீர் போதாவிட்டாலோ ஆவியாதல் முந்திக்கொண்டு, தெளிக்காத மரத்தைவிடத் தெளித்த மரம் அதிகமாகக் குளிர்ந்துவிடும். தொடங்கினால் விடிந்து பனிக்கட்டி தானாக உருகும் வரை நிறுத்தவே கூடாது. நான்கு கன்றுக்கு இந்த ஆபத்து வேண்டாம், போர்வை போதும்.

புதுமண் | ஏப்ரல் 24, காலை

இரவு நான்கு முறை டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். காலை ஐந்தரைக்குக் கீழ் மூலையில் மைனஸ் 3.1, மேலே மைனஸ் 0.9, ஆப்ரிகாட் போர்வைக்குள் வைத்த தெர்மாமீட்டரில் 0.6. ஆப்பிள் ஒன்றுக்குப் போர்வை போதாமல் திறந்தே விட்டேன், அதன் இலை காலையில் விறைத்து வெள்ளையாக இருந்தது, பயந்துவிட்டேன், எட்டு மணிக்கு வெயில் பட்டதும் மெல்ல நிமிர்ந்துவிட்டது, ஓரிரு இலையின் விளிம்பு மட்டும் சுருங்கியிருக்கிறது. அந்தக் கீழ் மூலையிலேயே நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வேர்க்கால் | ஏப்ரல் 24

நல்லது. சுருங்கிய இலையை வெட்ட வேண்டாம், கவாத்து எதுவும் இப்போது கூடாது, புதுத் தளிர் வந்த பிறகு எது செத்தது என்று மரமே காட்டும். இனி அந்த ஐந்து பூ. சாயங்காலம் ஒன்றைப் பறித்துப் பிளேடால் நடுவில் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னக் குடுவை மாதிரி சூலகம் இருக்கும். இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்தோ பழுப்பாகவோ இருந்தால் இதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பூ காயாகாது. காலையிலேயே அறுத்தால் நிறம் மாறியிருக்காது, அதனால்தான் சாயங்காலம் என்றேன்.

புதுமண் | ஏப்ரல் 24, மாலை

அறுத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு இளம்பச்சை. ஒன்று மட்டும் போர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த பூ, நடுவில் மிளகளவு கறுப்பு, சுற்றிலும் இதழ் கொஞ்சமும் வாடவில்லை. தெரியாமல் பார்த்திருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பேன்.

புதுமண் | மே 19

ஆப்பிள் இரண்டிலும் ஒரு சாண் நீளத்துக்குப் புதுக் கிளை. பிளம்ஸ் மெதுவாக வருகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், பச்சை. எலுமிச்சையையும் அத்தியையும் 6-ம் தேதியிலிருந்து பழக்கினேன், கடந்த ஒரு வாரமாக இரவில் 11-க்குக் கீழே போகவில்லை, இன்று காலை சுவரோரம் எலுமிச்சையை நட்டேன். ஜன்னல்தோட்டம் அக்கா, ஓர் இலைகூட வெளுக்கவில்லை.

சரிவுநிலம் | மே 19

மகிழ்ச்சி. கீழ் மூலையில் கடைசியாக எப்போது 0-க்குக் கீழே போனது?

புதுமண் | மே 19

மே 8. மேலே ஏப்ரல் 24-க்குப் பிறகு போகவே இல்லை. இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அந்த வேலியின் அடியைத் திறந்துவிடலாம் என்றிருக்கிறேன், எவ்வளவு அகலம் வெட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சரிவுநிலம் | மே 20

ஒவ்வொன்றும் மூன்று அடி, தரையோடு. சரிவின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மழை பெய்யும்போது போய் நின்று தண்ணீர் வேலியில் எங்கே முட்டித் தேங்குகிறது என்று பாருங்கள், குளிரும் பெரும்பாலும் அங்கேதான் முட்டும்.